கேந்திப்பூ செங்கல் நிறமாக அச்சானால்: வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் நிறக்கோளாறு நீக்கும் முறை

சென்ற ஓணத்தின்போது தோவாளைச் சந்தையில் வாங்கிய கேந்தி, வாடாமல்லி, பிச்சி ஆகியவற்றைக் கொண்டு என் மகள் முற்றத்தில் அத்தப்பூக்கோலம் இட்டாள். அதன் அருகில் அவளை உட்காரவைத்து எடுத்த படத்தை மார்த்தாண்டத்தில் இருக்கும் அவளுடைய பாட்டிக்குக் கொடுக்க விரும்பி வீட்டுப் பிரிண்டரில் அச்சிட்டேன். கணினித் திரையில் மஞ்சளாக இருந்த கேந்தி தாளில் செங்கல் நிறத்தில் வந்தது; மகளின் முகமும் சிவந்திருந்தது. இதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வார இறுதிகள் தேவைப்பட்டன. அதே கோளாறு உங்களுக்கும் இருந்தால், கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

முதலில், மை தெளிக்கும் அச்சுத் தலையின் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் தாளை அச்சிடுங்கள். மை மட்டத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவு செய்யாதீர்கள். தொட்டி நிறைய மை இருக்கும்போதே துளைகள் அடைபட்டிருக்கலாம். சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறக் கோடுகளும் இடைவெளியின்றி வர வேண்டும். சியான் குறைந்தால் படம் சிவக்கும், மெஜந்தா குறைந்தால் பச்சை தட்டும், மஞ்சள் குறைந்தால் நீலமும் ஊதாவும் ஏறும். இடைவெளி தெரிந்தால் ஒருமுறை ஹெட் கிளீனிங் (மையை உறிஞ்சித் துளைகளைச் சுத்தம் செய்யும் கட்டளை) கொடுத்து மறுபடியும் சோதியுங்கள். மூன்று முறை செய்தும் கோடுகள் நிறையவில்லை என்றால் நிறுத்திவிட்டு, பிரிண்டரை ஓர் இரவு சும்மா விட்டு மறுநாள் பாருங்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சப்படும் மை உள்ளே இருக்கும் கழிவு மைப் பஞ்சில்தான் சேர்கிறது, அது நிறைந்துவிட்டால் பிரிண்டர் அச்சிட மறுக்கும்.

என் பிரிண்டரில் சியான் அடைபட்டதற்குக் காரணம் மழைக்காலப் பழக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்வதால், இடி இடித்தவுடன் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவது எங்கள் வீட்டில் வழக்கம். அச்சிட்டுக்கொண்டிருக்கும்போது அப்படி மின்சாரத்தைத் துண்டித்தால், அச்சுத் தலை தன் ஓரத்து மூடியின்மேல் போய் அமராமல் நடுவழியில் நின்றுவிடும்; திறந்த துளைகளில் மை காய்ந்து அடைக்கும். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி, அதன் சத்தம் முழுவதும் அடங்கிய பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள்.

அடுத்தது காகித வகை. பளபளப்பான போட்டோ தாளை வைத்துவிட்டு, கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் ‘பிளெயின் பேப்பர்’ என்று விட்டுவிட்டால், எவ்வளவு மை ஊற்றுவது, அதை எப்படிக் கலப்பது என்னும் கணக்கே மாறி நிறம் மங்கும். தாளின் பூச்சு உள்ள பக்கமே அச்சாக வேண்டும். மறுபக்கத்தில் மை உறையாமல் துளியாக நிற்கும். மழை நாட்களில் மீதித் தாள்களை ஈரம் புகாத உறையில் கட்டி வையுங்கள்.

இனி நான் இடறிய இடத்துக்கு வருகிறேன். ஹெட் கிளீனிங்குக்குப் பிறகு சிவப்பு குறைந்தது, ஆனால் போகவில்லை. நாசில் செக் தாளில் எல்லாக் கோடுகளும் முழுமையாக இருந்தபோதும், மிச்சச் சிவப்பும் மையால் வந்தது என்றே எண்ணி மேலும் கிளீனிங் செய்து மையை வீணாக்கினேன். உண்மையில் அது வேறு கோளாறு: நிறத் திருத்தம் இரண்டு இடங்களில் நடந்துகொண்டிருந்தது. ஃபோட்டோஷாப்பின் அச்சுச் சாளரத்தில் ‘ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’ என்று தேர்ந்தெடுத்து, தாளுக்குரிய ஐசிசி புரொஃபைலையும் (அந்தத் தாளிலும் மையிலும் நிறங்கள் எப்படி வரும் என்பதைச் சொல்லும் கோப்பு) கொடுத்திருந்தேன். அது தாளுக்கும் மைக்கும் ஏற்பத் திருத்தி அனுப்பிய நிறங்களை, பிரிண்டர் டிரைவர் திருத்தப்படாதவை என்று கருதி மறுபடியும் திருத்தியது. இப்படி இருமுறை திருத்தப்பட்ட படத்தில் மெஜந்தா கலந்த சிவப்பு ஏறுவது வழக்கம். சியான் அடைப்பும் படத்தைச் சிவக்கவைப்பதால்தான் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பினேன். கோடுகள் முழுமையாக இருந்தும் படம் சிவந்தால் மையைத் தொடாதீர்கள், அமைப்பைப் பாருங்கள்.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் திருத்தட்டும் என்றால், அதே சாளரத்தில் ‘பிரிண்ட் செட்டிங்ஸ்’ வழியாக டிரைவரைத் திறந்து அதன் நிறத் திருத்தத்தை அணைக்க வேண்டும். சிலவற்றில் அது ‘நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்’ என்றும், சிலவற்றில் வெறும் ‘நன்’ (None) என்றும் இருக்கும். பிரிண்டர் திருத்தட்டும் என்றால், ‘பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்’ என்று மாற்றி, டிரைவரின் திருத்தத்தை அப்படியே விட்டுவிடலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன், அதில் தவறவிடக்கூடிய இடங்கள் குறைவு. புரொஃபைல் வழி அச்சிட வேண்டுமானால் பிரிண்டர் நிறுவனத்தின் மையையும் தாளையும் பயன்படுத்துங்கள், ஏனெனில் அந்தப் புரொஃபைல் அவற்றுக்காகவே அளந்து செய்யப்பட்டது. விலை குறைந்த வேறு மையை ஒருமுறை ஊற்றிப் பார்த்தேன். எழுத்துக்கு அது போதும், முகங்களுக்குப் போதாது.

படக்கோப்பையும் ஒருமுறை கவனியுங்கள். 2016இல் வந்த ஐபோன் 7 முதல் ஐபோன்கள் ‘டிஸ்ப்ளே பி3’ என்னும் அகன்ற நிறவெளியில் (குறிக்கக்கூடிய நிறங்களின் எல்லை) படமெடுக்கின்றன. புரொஃபைலைப் படிக்கத் தெரியாத மென்பொருள் அந்தப் படத்தை மங்கலாக அச்சிடும். ஆகவே முதலில் வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு (sRGB) மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு ஏ4 தாளைச் செலவழிக்க வேண்டாம். முகமும் பூவும் வரும் சிறு பகுதியை வெட்டி அச்சிட்டு, எந்த அமைப்பில் அச்சிட்டீர்கள் என்பதைத் தாளின் பின்புறம் பென்சிலால் குறித்துவையுங்கள். மை நன்றாகக் காய ஒரு நாள் விட்டு, காலை வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பாருங்கள். திரை ஒளியை உமிழ்கிறது, தாள் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்புகிறது; திரையின் பிரகாசத்தை முழுவதும் ஏற்றிவைத்துவிட்டு, அச்சு இருண்டிருக்கிறது என்று முடிவு செய்வது சரியன்று.

பின்னர் சேர்த்தது: இவற்றையெல்லாம் செய்தும் தன் படத்தில் நீலம் ஏறுவதாகக் குளச்சல் நண்பர் ஒருவர் எழுதினார். நாசில் செக் முழுமையாக இருப்பதாக உறுதியாகச் சொன்னார். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடுகளின் இடைவெளி விளக்கொளியில் கண்ணுக்குப் படுவதே இல்லை. கைபேசித் திரை முழுவதும் நீல நிறத்தை நிரப்பி, இருட்டறையில் அந்த ஒளியில் தாளைப் பார்க்கச் சொன்னேன். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிடுவதால் கோடுகள் கருமையாகத் தெரியும். அவருடைய தாளில் மஞ்சளின் கீழ்ப்பாதியே இல்லை. ஒரே ஒரு கிளீனிங்கில் அது திரும்பி வந்தது.