டெபியன் 12 போட்டாச்சு, வைஃபை மட்டும் வரலையா?

தர்மபுரியில் தெரிந்தவர்களுக்கு நான் லினக்ஸ் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் ஓசூர் வழியாக வரும் பழைய ஆபீஸ் லேப்டாப்களில்தான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனைப் போட்டதும் சத்தம், திரை எல்லாம் சரியாக இருக்கும். வைஃபை பட்டியல் மட்டும் காலி. போன வாரம் பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் கொண்டுவந்ததும் இதே கதை.

கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும்.

முதலில் நெட் வேண்டும். போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள் உதவாது.

அடுத்து, லேப்டாப்பில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை. அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' வரியைப் பாருங்கள். இன்டெல், ரியல்டெக் என்றால் வேலை சுலபம்: 2022-ல் டெபியன்காரர்கள் நடத்திய வாக்கெடுப்புக்குப் பிறகு, மூடிய ஃபர்ம்வேரும் (கார்டுக்குள் ஓடும் சிறு மென்பொருள், மூலநிரல் வெளியாகாதது) டெபியன் 12-இன் நிறுவியிலேயே வருகிறது. 11-லிருந்து 12-க்கு ஏற்றியவர்கள் மட்டும் மென்பொருள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற புதிய பிரிவைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஃபர்ம்வேர் அப்டேட்டே வராது.

பிராட்காம் பிசிஎம்43142 என்று வந்தால் கவனம். எல்லோரும் மாட்டுவது இங்கேதான். மேலே சொன்ன பிரிவைச் சேர்த்துவிட்டு, 'ஃபர்ம்வேர் போட்டேனே, ஏன் வரல?' என்பார்கள். இந்தக் கார்டுக்கு வேண்டியது ஃபர்ம்வேர் அல்ல, லினக்ஸ் கார்டோடு பேச உதவும் டிரைவர். அதுவும் மூடிய டிரைவர் என்பதால் இன்னொரு பிரிவில், வெறும் 'நான்-ஃப்ரீ'யில் இருக்கிறது. ஆகவே அதே சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் 'மெயின்' என்று இருக்கும் வரிகளின் கடைசியில் 'நான்-ஃப்ரீ', 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' இரண்டில் இல்லாததை இடைவெளி விட்டு எழுதுங்கள். நானோ எடிட்டரே போதும். விம் வேண்டாம், தெரியாதவர்கள் வெளியே வர வழி தேடுவார்கள்.

பிறகு ஏபிடி அப்டேட். அதன்பின் லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64, பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் இரண்டையும் நிறுவுங்கள். ஹெட்டர்ஸ் இல்லாவிட்டால் டிரைவர் கம்பைல் ஆகாது. அந்த எச்சரிக்கையோ நூறு வரிகளுக்கு நடுவே ஓடி மறைந்துவிடும். பழைய டிரைவர்களை ஒதுக்கிவைக்கும் வேலையைப் பேக்கேஜே பார்த்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த டிரைவரை நம்பி நீண்ட நாள் ஓட்ட வேண்டாம். பிராட்காம் இதைக் கடைசியாக வெளியிட்டது 2015-ல். அதன்பின் வந்த கர்னல்களுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) டெபியன்காரர்கள் ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி வைஃபை கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அதன் ஃபர்ம்வேருக்கு மூலநிரலே வெளியாகியிருக்கிறது. டெபியனின் மெயின் பிரிவிலேயே இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், வேகம் சுமார்தான். வீட்டுக்குப் போதும்.

சேர்த்தது: அரூரிலிருந்து ஒருவர், 'எல்லாம் செய்தும் டிரைவர் ஏறவில்லை, கீ ரிஜெக்டட் என்கிறது' என்று எழுதியிருந்தார். அது செக்யூர் பூட், நம்பகமான கையெழுத்து இல்லாத டிரைவரை ஏறவிடாத பாதுகாப்பு. பயாஸில் அணைத்தால் சரியாகிவிடும். அணைக்க மனமில்லாதவர்கள் மோக்யுடில் என்ற கட்டளையைக் கொண்டு, டிரைவரைக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ்-இன் சாவியைப் பதிய வேண்டும். ரீஸ்டார்ட் ஆகும்போது வரும் நீலத் திரையில் 'என்ரோல்' கொடுக்க மறக்காதீர்கள். சில நொடிதான் காத்திருக்கும்.