சூட்கேஸ் ரெக்கார்டு பிளேயரில் சேஞ்சரைச் சரிசெய்வது எப்படி

நெல்லைச் சீமையில் பழைய வீட்டு மச்சிலிருந்து இறங்கும் சூட்கேஸ் ரெக்கார்டு பிளேயர்கள் பெரும்பாலும் ஒரே குறையோடுதான் வருகின்றன. சுழல்தட்டு சுற்றும், பாட்டும் கேட்கும். பாட்டு முடிந்தபின் முள்ளைத் தாங்கும் கை எழும்பாது. எழும்பினாலும் பாதியில் நின்றுவிடும். உடனே "உள்ளே பல்சக்கரம் போச்சு" என்று முடிவுகட்டி காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அநேகமாக எதுவும் உடைந்திருக்காது. கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும், ரப்பர் இறுகியிருக்கும், யாரோ ஊற்றிய எண்ணெய் ஊற்றக்கூடாத இடத்தில் நிற்கும். இந்த மூன்றையும் சரிசெய்ய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் பொறுமையும் போதும்.

முதலில் உங்களிடம் இருப்பது, அடுக்கிவைத்த ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக விழவிட்டுத் தானே மாற்றிப் பாடவைக்கும் சேஞ்சர்தானா என்று பாருங்கள். நடுக்கம்பி உயரமாக, ஒரு படி வைத்ததுபோல் இருந்து, மேலே ரெக்கார்டு அடுக்கை அழுத்திப் பிடிக்க ஒரு கை இருந்தால் அது சேஞ்சர். எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டிகளில் ஒரு ரெக்கார்டுதான் ஓடும். அவற்றுக்கு இங்கே சொல்வதில் மோட்டார், ரப்பர், முள் பற்றியது மட்டும் பொருந்தும்.

எதை வாங்கலாம்?

சூட்கேஸ் பெட்டிகளில் அதிகம் காணக்கிடைப்பவை இங்கிலாந்தின் பி.எஸ்.ஆர்., கேரார்டு இரண்டும்தான். பி.எஸ்.ஆர். யூ.ஏ.8, யூ.ஏ.14, யூ.ஏ.16 எல்லாம் தகட்டை அழுத்திச் செய்த எளிய அமைப்பு. கழற்றிப் பூட்டுவது சுலபம், ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு உதவ வாய்ப்பும் உண்டு. ஆனால் மோட்டாருக்கு உபரி பலம் கிடையாது. கிரீஸ் கொஞ்சம் இறுகினாலே மாற்றும் வேலையின் நடுவில் நின்றுவிடும். கேரார்டு ஆட்டோஸ்லிம் வகையில் வேலைப்பாடு இன்னும் நேர்த்தி, ஆனால் நெம்புகோல்களும் ஸ்பிரிங்குகளும் கூடுதல். ஒரு ஸ்பிரிங் தெறித்து விழுந்தால் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று தெரியாமல் தவிக்க நேரும். கொலாரோவும் நல்ல இயந்திரம்தான், ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். முதன்முதலாகக் கைவைப்பவருக்கு பி.எஸ்.ஆர். ஏற்றது என்பதே எங்கள் கருத்து.

அமெரிக்காவிலிருந்து வந்த வி.எம். போன்ற சேஞ்சர் கிடைத்தால் ஒன்றை யோசியுங்கள். அது 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும்; 33⅓ சுற்று ஏறத்தாழ 27.8 ஆகிவிடும். மோட்டார் அச்சில் உள்ள படிவைத்த புல்லியை வெர்னியரால் அளந்து, ஒவ்வொரு படியின் விட்டத்தையும் 1.2 ஆல் பெருக்கி, அந்த அளவில் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்க வேண்டும். 3 மி.மீ. படி 3.6 மி.மீ. ஆகும். இந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

வாங்கும் இடத்திலேயே, மின்சாரம் கொடுக்காமல், சுழல்தட்டைக் கையால் வலஞ்சுழியாகச் சுற்றி, பாட்டை நடுவில் நிறுத்தி மாற்றவைக்கும் ரிஜெக்ட் நெம்புகோலைத் தள்ளிப் பாருங்கள். கை எழும்பி, வெளியே போய், திரும்பி வந்து இறங்கினால் உள்ளே பெரிய சேதம் இல்லை. இறுக்கமாக நகர்ந்தால் அது பிசின், கவலை வேண்டாம். "கடக்" என்று ஒரே இடத்தில் துள்ளினால் பல் உடைந்திருக்கலாம்.

அது வேலைசெய்யும் விதம்

சுழல்தட்டின் அடியில், நடுவில் ஒரு சிறு பல்சக்கரம் உண்டு. அதன் அருகே ஒரு பெரிய சக்கரம். அதன் விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் பற்கள் இருக்காது. பாட்டு ஓடும்போது அந்த இடைவெளி சிறு சக்கரத்தைப் பார்த்து நிற்பதால் பெரிய சக்கரம் அசையாது. அதன்மேல் ஒரு சிறு நாக்கு, தன் எடையை மட்டும் நம்பித் தளர்வாகக் கிடக்கும். முள் உள்ளே நகர நகர, கையோடு சேர்ந்த நெம்புகோல் இந்த நாக்கை மயிரிழை மயிரிழையாகத் தள்ளும்; சுழல்தட்டின் அடியில் உள்ள முனை ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தட்டித் திருப்பி அனுப்பும். பாட்டு முடிந்து கோடு அகலமாகும் இடத்தில் முள் ஒரே சுற்றில் வேகமாக உள்ளே பாயும். அப்போது நாக்கு அதிக தூரம் தள்ளப்பட்டு, முனையில் நன்றாகச் சிக்கும். பெரிய சக்கரம் ஒரு பல் நகரும். பிறகு மீதி வேலையெல்லாம் தானாக நடக்கும்.

இந்த நாக்கை அசைப்பது முள்முனையிலிருந்து வரும் சொற்ப விசைதான். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் போட்டால் தூசி சேர்ந்து சில மாதங்களில் பிசினாகும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், சேஞ்சர் செத்துவிடும். அதனால் நாக்கும் அதன் உராய்வுப் பட்டையும் எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

மிகப் பழைய 78 ரெக்கார்டுகள் சிலவற்றில் முடிவில் இந்த ஓட்டக்கோடு வெட்டப்பட்டிருக்காது. அவை தானாக மாறாவிட்டால் சேஞ்சரைக் குறைசொல்ல வேண்டாம்.

மின்சாரம் கொடுக்கும் முன்

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு பெட்டிகளில் ஆம்ப்ளிஃபையர் சேசிஸில் நேரடி மின்சாரம் இருக்கக்கூடும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் இன்னும் ஆபத்து. டெஸ்டரால் தொட்டுப் பார்க்காமல் உலோகத்தில் கைவைக்காதீர்கள். திறந்து வேலைசெய்யும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். சில மோட்டார்களில் இரண்டு சுருள் உண்டு: வரிசையாக இணைத்தால் 220-240 வோல்ட், பக்கவாட்டில் இணைத்தால் 110. நம் ஊருக்கு வரிசை இணைப்புதான். இன்னும் சில பெட்டிகளில் வால்வின் ஹீட்டர் மின்சாரம் மோட்டார் சுருள் வழியாகவே போகும். மோட்டாரைக் கழற்றினால் வால்வு எரியாது. அதைப் பார்த்து வால்வு போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்விட்சுக்குக் குறுக்கே உள்ள பழைய காகிதக் கண்டென்சரை யோசிக்காமல் மாற்றுங்கள். 0.01 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏ.சி., எக்ஸ்2 வகை போடலாம். அது ஷார்ட் ஆனால் குமிழை அணைத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

கழற்றிக் கழுவுதல்

ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுங்கள். கையை அதன் தாங்கியில் நூலால் கட்டுங்கள். நடுக்கம்பியை உருவி, சுழல்தட்டைப் பிடித்திருக்கும் கிளிப்பை எடுத்து, தட்டை நேராகத் தூக்குங்கள். அடியில் வாஷர், பால்-பேரிங் கூண்டு, வாஷர் என்று அடுக்கு இருக்கும். அதே வரிசையில் ஒரு கம்பியில் கோர்த்து வையுங்கள்.

பெரிய சக்கரத்தின் அச்சு, அடிப்புறத்தில் நெம்புகோல்களை நகர்த்தும் பள்ளமான வரித்தடம், சறுக்கும் பட்டைகள் இவற்றில் உள்ள காய்ந்த கிரீஸை மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்து முழுக்க உலரவிடுங்கள். ரப்பரில் மண்ணெண்ணெய் படவே கூடாது. நாக்கை ஸ்பிரிட்டில் மட்டும் கழுவி, சக்கரத்தைச் சாய்த்துப் பாருங்கள்: தன் எடையிலேயே இப்பக்கமும் அப்பக்கமும் விழ வேண்டும். மெதுவாக நகர்ந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது.

வரித்தடத்திலும் சறுக்கும் இடங்களிலும் அரிசி அளவு லித்தியம் கிரீஸ். அச்சுகளுக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டவே வேண்டாம். வீட்டில் கைக்கெட்டும் என்று பலர் அதைத்தான் போட்டிருக்கிறார்கள், காலப்போக்கில் அவை அரக்குபோல் இறுகிவிடுகின்றன.

தட்டைத் திரும்ப மாட்டும்போது பெரிய சக்கரத்தின் பல்லில்லாத இடைவெளி நடு அச்சைப் பார்த்து நிற்க வேண்டும். அப்படி நிற்காமல் தட்டை அழுத்தினால் பல் பல்லின்மேல் ஏறி முறியும்.

ரப்பரும் மோட்டாரும்

மோட்டார் புல்லிக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவில் நின்று சுற்றுவது ஐடலர் சக்கரம். அதன் விட்டம் வேகத்தை மாற்றாது. வேகத்தைத் தீர்மானிப்பது புல்லியும் தட்டின் விளிம்பும்தான். ஆகவே ரப்பரின் பளபளப்பான மேல்தோலைத் தயங்காமல் தேய்த்து எடுக்கலாம். 400 எண் உப்புத்தாளை ஒரு தட்டையான மரத்துண்டில் ஒட்டி, ஐடலரைச் சுற்றவிட்டு லேசாகத் தொடுங்கள். மங்கலான கருமை வந்ததும் நிறுத்தி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். புல்லியையும் உள்விளிம்பையும் அப்படியே துடையுங்கள். வெடித்த ரப்பரையும், ஓரிடம் பள்ளம் விழுந்து "டக் டக்" என்று ஒலிக்கும் ரப்பரையும் மாற்றத்தான் வேண்டும்.

மோட்டார் பித்தளைப் புஷ்களில் உள்ள பழைய எண்ணெயை ஸ்பிரிட்டால் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு போடுங்கள். மிச்சத்தைத் துடைக்காவிட்டால் அது தெறித்துப் புல்லிக்குப் போகும், ஐடலர் வழுக்கும். மோட்டாரைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் கல்லாகியிருந்தால் பாட்டுக்கு அடியில் "ஹும்ம்" என்ற உறுமல் கேட்கும்; புதிதாகப் போடுங்கள்.

வேகத்தைப் பார்க்க எளிய வழி: ரெக்கார்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து எண்ணுங்கள். 33⅓ இல் 3 நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வர வேண்டும். வேகம் பார்க்கக் கோடுகள் அச்சடித்த ஸ்ட்ரோப் அட்டை வைத்திருப்பவர்கள் 50 ஹெர்ட்ஸுக்கானதா என்று பாருங்கள்: 33⅓ க்கு 180 கோடு, 45 க்கு 133, 78 க்கு 77. சோக் போட்ட பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் கோடுகள் நின்றதுபோல் தெரியும். எல்.இ.டி. வெளிச்சத்தை நம்பக்கூடாது.

இறங்கும் இடமும் விழும் ரெக்கார்டும்

முள் விளிம்புக்கு வெளியே விழுகிறதா, இல்லை பாட்டுக்கு நடுவில் இறங்குகிறதா? 7, 10, 12 அங்குலம் மூன்றிலும் ஒரே அளவு தவறினால் கையின் அடியில் உள்ள சரிசெய்யும் திருகைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். விளிம்பிலிருந்து சுமார் 3 மி.மீ. உள்ளே இறங்கினால் சரி. ஓர் அளவில் மட்டும் தவறினால் திருகைத் தொடாதீர்கள். ரெக்கார்டின் அளவைத் தொட்டறியும் நெம்புகோல் வளைந்திருக்கும் அல்லது ஒட்டியிருக்கும்.

இரண்டு ரெக்கார்டு சேர்ந்து விழுந்தால் நடுக்கம்பியின் படி தேய்ந்திருக்கலாம், ரெக்கார்டின் துளை அகன்றிருக்கலாம், அல்லது மேல்கை சரியாக அழுத்தவில்லை. ஒன்றுமே விழாவிட்டால் கம்பிக்குள் தள்ளும் துண்டு அழுக்கில் ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் மட்டும் விடுங்கள். நிற்காமல் மாற்றிக்கொண்டே இருந்தால் ரிஜெக்ட் நெம்புகோலின் ஸ்பிரிங் கழன்றிருக்கிறதா, நாக்கு பின்வாங்குகிறதா என்று பாருங்கள். எல்லாம் ஓடியும் பாட்டுச் சத்தமே இல்லையென்றால் மியூட்டிங் ஸ்விட்ச். மாற்றும்போது சத்தத்தை அடக்கவேண்டிய அந்தத் தொடுமுனைகள் விலகாமல் ஒட்டி நிற்கும்.

கடைசி ரெக்கார்டுக்குப் பிறகு நிற்கவில்லையா? அடுக்கு தீர்ந்ததும் மேல்கை கீழே இறங்கினால்தான் பிளேயருக்கு அது தெரியும். அதன் அச்சைச் சுத்தப்படுத்துங்கள்.

முள்ளும் கார்ட்ரிட்ஜும்

முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றுவது கார்ட்ரிட்ஜ். பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜில் இருப்பது ரோஷெல் உப்பு. ஈரத்தில் கரையும்; 55 டிகிரி சூட்டில் முழுக்கக் கெடும். குற்றாலச் சாரலும் திருச்செந்தூர்க் கடற்காற்றும் ஒருபக்கம், சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழுள்ள மச்சு இன்னொரு பக்கம் என்றால் அது பிழைப்பது அரிது. சத்தம் மெலிந்து கரகரத்தால் செராமிக் கார்ட்ரிட்ஜ் போடுங்கள். புரட்டிப்போடும் முள்ளில் 78 என்று குறித்த பக்கம் அகன்ற கோட்டுக்கானது, முனை சுமார் 75 மைக்ரான், எல்.பி. பக்கம் மோனோவுக்கு 25, ஸ்டீரியோவுக்கு 18 மைக்ரான். எல்.பி. முள்ளை 78 மேல் ஓட்டினால் கோட்டின் அடியைத் தடவி இரைச்சலைத்தான் எடுக்கும்.

செராமிக்குக்கு முள் எடை 5 முதல் 8 கிராம். நகைத் தராசு இல்லாவிட்டால் 30 செ.மீ. அளவுகோலைப் பென்சிலின்மேல் 15 இல் சமன்செய்து, ஒரு பக்கம் 10 செ.மீ. தள்ளி முள்ளையும், மறுபக்கம் அதே தூரத்தில் 2012 முதல் 2018 வரை ஆண்டு பொறித்த 5 ரூபாய் நாணயத்தையும் வையுங்கள். அந்த நாணயம் 6 கிராம். சமனாக நின்றால் முள் எடையும் 6 கிராம்தான்.

ஓட்டும்போது

அடுக்கு உயர உயர கை சாயும், முள்ளின் கோணமும் மாறும். நான்கு ரெக்கார்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம். அரக்கில் செய்த 78 ரெக்கார்டுகளை அடுக்கி விழவிடவே வேண்டாம். விளிம்பு சிதறும், அதே ரெக்கார்டு இன்னொன்று கிடைப்பது கடினம். ஒவ்வொன்றாகக் கையால் வைத்துக் கேளுங்கள்.

பஸ்ஸில் கொண்டுபோகும்போது மோட்டார் பலகையின் இரண்டு போக்குவரத்துத் திருகுகளையும் இறுக்குங்கள், கையைக் கட்டுங்கள். இறக்கிவைத்ததும் திருகுகளைத் தளர்த்தினால்தான் பலகை ஸ்பிரிங்கில் மிதக்கும்.

ஓடும்போது கரண்டு போய்விட்டால் குமிழை உடனே அணையுங்கள். அப்போதுதான் ஐடலர் புல்லியை விட்டு விலகும். சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போனால் இரவு முழுக்க அழுந்தியிருந்து ரப்பரில் பள்ளம் விழும். மாற்றும் வேலையின் பாதியில் கரண்டு போனால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். சுழல்தட்டைக் கையால் வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். கை தன் தாங்கிக்குத் திரும்பும்வரை.