கண்ணாடிப் பெட்டிக்குள் நெளிந்த ஓவியம்

பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகம் ஒன்றில் காப்பாட்சியராக இருக்கிறேன். காட்சிக்கு வைத்த நீர்வண்ண ஓவியம் ஒன்றின் தாள் மதியத்துக்கு மேல் ஓரங்களில் நெளியும். மறுநாள் காலையில் பாதி அடங்கியிருக்கும்.

எல்லோரும் ஏசியைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டியே நின்றது. எனவே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தொடர்ந்து பதிவுசெய்யும் டேட்டா லாகர் கருவியைப் பெட்டிக்கு உள்ளேயே வைத்தேன். விளக்கு எரியும் நேரமெல்லாம் உள்ளே வெப்பம் ஏறி, ஈரப்பதம் சரிந்தது. அணைத்ததும் பழைய நிலை.

எல்.இ.டி. சூடாகாது என்பார்கள். அது அதிகம் சூடாகாமல் இருக்கலாம், அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற சிறு கருவி சூடாகும்! ஓவியத்துக்கு நேர் கீழே, பலகைக்கு அடியில் அதைச் சொருகியிருந்தார்கள். தொட்டால் கை சுட்டது.

எலெக்ட்ரீஷியன் அதைப் பெட்டிக்கு வெளியே மாற்றினார். வெளிச்சத்தை 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) இறக்கினோம். தாள் ஓவியத்துக்கு அது போதும். அடித்தட்டில், ஈரத்தை உறிஞ்சியும் வெளியிட்டும் ஈரப்பதத்தை நிலையாக வைக்கும் சிலிக்கா ஜெல்லை 50 சதவீத ஈரப்பதத்துக்கு முன்கூட்டியே பதப்படுத்தி வைத்தோம். காய்ந்த ஜெல்லை அப்படியே கொட்டிவிடாதீர்கள், தாளின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

லாகர் வரைபடத்தில் இப்போது பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. ஓரத்தில் மிச்சமிருந்த நெளிவைப் பாதுகாப்பு வல்லுநர் சரிசெய்து தந்தார்.