ஜின்ஜா டெம்ப்ளேட்டுக்கும் ஆவணம்: ஸ்பிங்க்ஸ் எக்ஸ்டென்ஷன் எழுதுவது எப்படி?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்குப் பில் போடும் ஒரு பைத்தான் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஃபங்ஷனுக்கு டாக்ஸ்ட்ரிங் (கோடுக்குள்ளேயே எழுதும் விளக்கம்) எழுதினால் போதும், ஆவணம் உருவாக்கும் கருவியான ஸ்பிங்க்ஸின் ஆட்டோடாக் அதைப் பக்கமாக்கிவிடும். பில்லை அச்சிடும் ஜின்ஜா மேக்ரோவை (டெம்ப்ளேட்டில் பெயரிட்டு, வேண்டும்போது அழைக்கும் துண்டு) மட்டும் அது கண்டுகொள்ளாது. ஆட்டோடாக் பைத்தான் மாட்யூலை இம்போர்ட் செய்து படிக்கிறது. டெம்ப்ளேட்டை இம்போர்ட் செய்ய முடியாதே. பெங்களூரா ரக மாங்காய் லோடு லோடாக இறங்கும் நேரத்தில், எடையைக் கிலோவில் தரணுமா டன்னில் தரணுமா என்று புதிதாகச் சேர்ந்தவர் தடுமாறக் கூடாது.

முதலில், ஒவ்வொரு மேக்ரோவுக்கும் நேர் மேல்வரியில் குறிப்பு எழுதுங்கள்:

{# ஒரு லோடுக்கான பில் வரி. எடை கிலோவில், விலை கிலோவுக்கு. #}

அடுத்து, எக்ஸ்டென்ஷனுக்குத் தனிக் கோப்பு. அதில் 'செட்டப்' என்ற ஃபங்ஷன் இருந்தாக வேண்டும். உங்கள் டைரக்டிவை (ஆவணப் பக்கத்தில் எழுதும் கட்டளை) அங்கே பதிவு செய்யுங்கள். கோப்பின் பெயரை ஸ்பிங்க்ஸ் கான்ஃபிக்கில் உள்ள எக்ஸ்டென்ஷன் பட்டியலில் சேருங்கள். கோடில் டைரக்டிவ் என்பது ஒரு கிளாஸ். அதன் 'ரன்' மெத்தட் நோடுகளின் (பக்கத்தில் சேரும் துண்டுகள்) பட்டியலைத் திருப்பித் தர வேண்டும். நோடு ஒன்றே ஒன்றானாலும் பட்டியலாகத்தான் தர வேண்டும்.

இனிதான் முக்கியமான வேலை. மேக்ரோவைத் தேட ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதாதீர்கள். பல வரிக்கு நீளும் மேக்ரோ வந்தால் சிக்கும். ஜின்ஜாவின் அமைப்புகளை வைத்திருக்கும் என்விரான்மென்ட்டிலேயே, டெம்ப்ளேட்டைப் படித்து மர வடிவில் தரும் 'பார்ஸ்' மெத்தட் இருக்கிறது. அது தரும் மரத்தில் மேக்ரோ நோடுகளைத் தேடினால் பெயர், ஆர்கியூமென்ட், வரி எண் மூன்றும் கிடைக்கும். ஆனால் பார்ஸ் கமெண்டுகளை, அதாவது நாம் எழுதிய குறிப்புகளை, உதறிவிடும். அவற்றுக்கு 'லெக்ஸ்' மெத்தடை அழையுங்கள். அது டெம்ப்ளேட்டைச் சிறு துண்டுகளாக, அதாவது டோக்கன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரி எண், வகை, உள்ளடக்கம் என்று தரும். கமெண்ட் தொடங்கும் வரியோடு அதற்குள் இருக்கும் வரிமுறிவுகளைக் கூட்டினால் முடியும் வரி தெரியும். அதற்கு அடுத்த வரியில் மேக்ரோ இருந்தால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். உங்கள் மென்பொருள் எந்த என்விரான்மென்ட் அமைப்போடு ஓடுகிறதோ அதையே இங்கும் கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் தனியாகச் சேர்த்த டேக் வரும் இடத்தில் பார்ஸ் நின்றுவிடும்.

ஸ்பிங்க்ஸின் என்விரான்மென்ட்டில் உள்ள 'நோட் டிபென்டென்சி' (note_dependency) மெத்தடுக்கு டெம்ப்ளேட்டின் பாதையைக் கொடுக்க மறக்காதீர்கள். ஸ்பிங்க்ஸ் மாறிய பக்கங்களை மட்டுமே மறுபடி கட்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், குறிப்பைத் திருத்திய பிறகும் பழைய பக்கமே நிற்கும்.

குறிப்பு இல்லாத மேக்ரோவைப் பார்த்தால் ஸ்பிங்க்ஸின் லாகர் வழியாக வார்னிங் விடுங்கள். வார்னிங்கை எர்ரராகக் கருதும் ஆப்ஷனைப் போட்டு பில்ட் ஓட்டினால், குறிப்பு எழுதாத மேக்ரோ எதுவும் தப்பாது.