சாகப்போகும் ஹார்ட் டிஸ்க்கை 'ரிப்பேர்' செய்யாதீர்கள்

பேக்கப் எடுங்கள், டிஸ்க்கைக் கீழே போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டவர்களுக்குத்தான் இது. டிஸ்க் திணற ஆரம்பித்ததும் புதியவர்கள் செய்வதைப் பார்த்தால், டேட்டா மீட்கும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லாரும் செய்த அதே கோளாறுகள்தான், வரிசைகூட மாறவில்லை.

செக்டிஸ்க் ஓட்டுவது

ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது. டிரைவில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா என்று விண்டோஸ் கேட்கிறது. சரிசெய்யப் போவது செக்டிஸ்க் என்ற அதன் உள்கருவி. கை தானாக 'ஆம்' பக்கம் போகிறது. வீடியோ பார்த்துக் கற்றவர் இன்னும் ஒருபடி மேலே போய், கெட்ட இடங்களையும் தேடச் சொல்லும் 'ஸ்லாஷ் ஆர்' சேர்த்து ஓட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். மற்ற தவறுகளைப் பார்த்தால் பரிதாபம் வரும். இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. மீட்டிருக்கக்கூடிய டேட்டாவை உரியவரே உட்கார்ந்து அழித்திருப்பார்.

செக்டிஸ்க் ஃபைல்களைக் காப்பாற்றும் கருவி அல்ல. ஃபைல் சிஸ்டத்தில், அதாவது எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கில், முரண் இல்லாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. கணக்கு நோட்டில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால், அதைத் தேடாமல் அந்த வரவு செலவையே நீக்கிவிட்டு 'கூட்டல் சரியாக வருகிறது' என்று சொல்லும் குமாஸ்தா அது.

உள்ளே நடப்பது இதுதான். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள டிரைவில் ஒவ்வொரு ஃபைலின் பெயரும் இருப்பிடமும் எம்எஃப்டி என்ற பட்டியலில் இருக்கும். ஒரு பதிவு பொதுவாக 1,024 பைட். டிஸ்க் ஒரு தடவையில் படிக்கும் மிகச் சிறிய துண்டுதான் செக்டர். இப்போதைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் ஒரு செக்டர் 4,096 பைட். ஆக, பட்டியலில் ஒரே ஒரு செக்டர் கெட்டால் நாலு ஃபைல்களுக்கு விலாசம் இல்லை. படமோ வீடியோவோ டிஸ்க்கில் வேறொரு மூலையில் முழுசாக இருக்கும். செக்டிஸ்க் அந்த நாலு பெயர்களையும் ஃபோல்டரிலிருந்து நீக்கும், அவை இருந்த இடத்தைக் 'காலி' என்று குறித்துவிடும். நாலில் ஒன்று ஃபோல்டராக இருந்தால், அதற்குள் இருந்தவை சிதறி, 'ஃபவுண்ட்' என்று தொடங்கும் புது ஃபோல்டரில் போய் விழும். இத்தனையும் ஒரிஜினல் டிஸ்க்கின் மேலேயே எழுதப்படும். பத்தாவது முயற்சியில் படிக்க வந்திருக்கக்கூடிய செக்டருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது.

'ஸ்லாஷ் ஆர்' சேர்த்தால் டிஸ்க்கின் காலி இடத்தையும் விடாமல் படிக்கும். நொடிக்கு 120 எம்பி வேகத்தில் ஓடும் நல்ல 2 டிபி டிஸ்க்குக்கே நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கெட்ட செக்டர் வரும்போதெல்லாம் டிஸ்க் பல நொடிகள் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும் என்பதால், அதுவே நாள்கணக்கில் இழுக்கும். தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து படிக்கும் ஹெட், ஏற்கெனவே நொந்துபோனது, அத்தனை நேரமும் ஓட வேண்டும். வழக்கமாக வரும் கேஸ் இப்படித்தான்: ஸ்டுடியோக்காரரின் எக்ஸ்டர்னல் டிஸ்க், இரண்டு கல்யாணத்து ஃபோட்டோ, இரவு 10 சதவீதத்தில் விட்டது காலையிலும் அங்கேயே நிற்கும், கூடவே 'டக் டக்' சத்தம்.

செய்ய வேண்டியது: அந்த டிஸ்க்கை விண்டோஸில் மாட்டவே வேண்டாம். பூட் ஆகும்போது தானாகச் செக்டிஸ்க் தொடங்கப் பார்த்தால், அது தொடங்குவதற்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி நிறுத்துங்கள். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, டிஸ்க்கை மவுண்ட் செய்யாமல் (ஃபோல்டராகத் திறக்காமல்), டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி மூலம் அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள். முதல் ஓட்டத்தில் 'மைனஸ் என்' சேர்த்தால் சிக்கலான இடங்களைக் குடையாமல் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிடும். இரண்டாவது ஓட்டத்தில் கெட்ட இடங்களுக்கு மூன்று முயற்சி போதும். எதுவரை நகலானது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலை மூன்றாவது ஓர் இடத்தில் சேமியுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு என்பதை சீரியல் எண் பார்த்து இரண்டு தரம் சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் போய் ஒரிஜினலின் மேல் உட்காரும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகள், ஆசை தீரச் செக்டிஸ்க், எல்லாம் அந்த நகலின் மேல்.

'டக் டக்' சத்தத்தோடு காப்பியைத் தொடர்வது

கரண்டை நிறுத்துங்கள். இனி டேட்டா மீட்கும் லேபின் வேலை.

ஸ்மார்ட்டில் 'குட்' என்று இருந்தால் நம்புவது

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தானே வைத்திருக்கும் உடல்நலக் குறிப்பு. பச்சை நிறத்தை விட்டு, அதில் வரிசை எண் போட்ட கணக்குகளைப் பாருங்கள். 5-ஆம் எண் மாற்றிவைக்கப்பட்ட செக்டர்கள், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 கைவிட்டவை. 197-இன் அளவு பூஜ்ஜியத்தைத் தாண்டிவிட்டால் அன்றைக்கே நகல். இதைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் இயல்பாக ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்) காட்டும், அதில் 10 என்றால் 16. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி, டிஸ்க்கைத் திட்டாதீர்கள்.

ஃபிரீசரில் வைப்பது

வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும். வேண்டாம்.

அதே மாடல் என்று போர்டை மாற்றுவது

டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றுவது பழைய காலத்து வித்தை. இன்றைய போர்டில் உள்ள சின்ன 'ஆர்ஓஎம்' சிப்பில் (ரேம் அல்ல) அந்தக் குறிப்பிட்ட டிஸ்க்கின் ஹெட்டுக்கான அளவுகள் பதிந்திருக்கும். அதைக் கழற்றிப் புதிய போர்டில் சால்டர் செய்யாவிட்டால் பெரும்பாலும் டிஸ்க் எழுந்திருக்காது.

உடனே வாரன்டிக்கு அனுப்புவது

மாற்று டிஸ்க் வரும், பழையது திரும்பி வராது. நகலில் ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். ஃபோல்டர் தெரிவதும் தம்ப்நெயில் தெரிவதும் போதாது. பெரிய வீடியோ நாலைந்தைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகு பார்சல் கட்டுங்கள்.