நீலகிரியில் எங்கே தங்குவது? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி: ஊரைத் தேர்ந்து சுற்றிப் பார்க்கும் முறை

நீலகிரிக்குப் போக முடிவெடுத்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது, உதகமண்டலத்தில் அறை கிடைக்கிறதா என்று தேடுவதுதான். ஊட்டி என்ற பெயர் அந்த மலை முழுவதற்குமே ஆகுபெயராகிவிட்டதால், வேறு ஊரில் தங்கலாம் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. ஆனால் மூன்று, நான்கு நாள் தங்கிச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் ஊரின் புகழைக் கொண்டு தங்குமிடத்தைத் தீர்மானிக்காமல், எந்தச் சாலை வழியாக ஏறுகிறோம், அந்த மாதத்தில் மழை மலையின் எந்தப் பக்கத்தில் பெய்கிறது, உடன் வருபவர்களுக்குக் குளிர் எவ்வளவு தாங்கும் என்ற மூன்றையும் கொண்டு தீர்மானிப்பதே நல்லது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு இரண்டு பாதைகள் பிரிகின்றன. கல்லாறு, பர்லியாறு வழியாக 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குன்னூருக்குச் செல்வது ஒன்று. குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்குச் செல்வது மற்றொன்று. இரண்டும் ஏறக்குறைய 33 கி.மீ. தொலைவுதான். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மேலும் 18 கி.மீ.; கோத்தகிரியிலிருந்து சுமார் 30 கி.மீ. கோடை சீசனில் நெரிசலைக் குறைக்க, குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் காவல்துறை ஒருவழிப் பாதையாக மாற்றுவது வழக்கம் என்பதால், அந்தக் காலத்தில் பயணத் திட்டத்தையும் அதற்கேற்பவே வகுத்துக்கொள்ள வேண்டும்.

குளிர் பற்றிய கணக்கு எளிது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். கோத்தகிரியும் ஏறக்குறைய குன்னூரின் உயரத்தை ஒட்டியதே. இந்த 400 மீட்டர் வேறுபாடு, பகலில் இரண்டு மூன்று டிகிரியாக மட்டுமே தெரியும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அது தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு மாறிவிடும். அப்போது ஊட்டியின் தலைகுந்தா, காந்தள் போன்ற தாழ்வான பகுதிகளில் புல்வெளிமேல் உறைபனி வெண்மையாகப் படிகிறது. அதைப் பார்க்கவே வருபவர்கள் ஊட்டியில் தங்கட்டும். கைக்குழந்தையோ, மூட்டுவலியும் மூச்சிரைப்பும் உள்ள முதியவர்களோ உடன் இருந்தால் குன்னூரே தக்க இடம்.

மழையைப் பொறுத்தவரை மலையின் இரு பக்கங்களும் இரு வேறு நாடுகளைப் போன்றவை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளைத்தான் அடித்துப் பெய்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் அதிகமான மழை பதிவானது. அதே நாள்களில் கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரியில் தூறலும் மேகமுமாக, நடமாடக்கூடிய நிலை பெரும்பாலும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் முதல் பாதி வரை நிலைமை தலைகீழாகிவிடும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைத் தாக்கும்; மலைப்பாதைகளில் மண் சரியும்; மலை ரயில் நின்றுவிடும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி சுற்றுவட்டாரங்களில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே நவம்பரில் குழந்தைகளோடு மலையேறத் திட்டமிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட, தெளிந்த நாள்களே சுற்றிப் பார்க்க மிகவும் உகந்தவை. மே மாதத்தில் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் நடக்கின்றன. கூட்டத்தையும் இரட்டிப்பு வாடகையையும் பொறுத்துக்கொள்பவர்கள் அப்போது வரலாம்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், முதன்முறை வரும் குடும்பத்துக்குக் குன்னூரே பொருத்தமான தங்குமிடம் என்பது என் கருத்து. ஊட்டி ஒரு பக்கமும் கோத்தகிரி மறுபக்கமுமாக, இரண்டுக்கும் ஒரு மணி நேரத்தில் செல்லும் தொலைவில் அது அமைந்திருப்பதே முதற்காரணம். பைக்காரா அருவி, முதுமலைப் புலிகள் காப்பகம் பக்கமே முக்கியம் என்றால் ஊட்டி. எதையும் ஓடி ஓடிப் பார்க்காமல், புத்தகமும் நடையுமாக இருக்க விரும்புவோருக்குக் கோத்தகிரி. ஆனால் இரவு 8 மணிக்கு மேல் அங்கே கடைத்தெரு அடங்கிவிடும் என்பதை முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லிவிடுவது நல்லது.

குன்னூரில் அறை பார்க்கும்போது, மேல் குன்னூர், கீழ் குன்னூர் என்ற பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேருந்து நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட் மூன்றும் கீழே உள்ளன. பெட்போர்டு, சிம்ஸ் பூங்கா வட்டாரம் மேலே உள்ளது. சொந்த வாகனம் இல்லாதவர்கள் கீழ்ப்பகுதியிலோ, பேருந்துச் சாலையை ஒட்டியோ தங்குவது வசதி. எஸ்டேட் பங்களா, காட்டேஜ் என்று படம் போட்டு அழைக்கும் இடங்கள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முன்பணம் அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலையா, மண்சாலையா? தரை தாழ்ந்த கார் உள்ளே வருமா? வெந்நீர் எந்நேரமும் வருமா, காலையில் மட்டுமா? சாலையிலிருந்து அறைக்கு எத்தனை படி? சரிவில் கட்டப்பட்ட வீடுகளில் வரவேற்பறை சாலை மட்டத்திலும் படுக்கையறை நாற்பது படிக்குக் கீழும் இருப்பது இங்கே சாதாரணம். அந்தி சாய்ந்தபின் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைகள் தாராளமாக நடமாடுகின்றன. கோத்தகிரிப் பக்கம் கரடிகளும் வருகின்றன. எனவே இரவு உணவுக்கு வெளியே நடந்து போய்த் திரும்பலாம் என்ற எண்ணத்தில் ஒதுக்குப்புற விடுதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

புறப்படும் முன், வாகனத்துக்கான இணையவழி அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் மாவட்டத்தில் தடை உள்ளதால், சோதனைச் சாவடியில் அவற்றை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும், குடிநீர் ஏ.டி.எம். வழியில் உண்டு.

இனிச் சுற்றிப் பார்க்கும் முறைக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஒரு திசை என்பதைக் கண்டிப்பான விதியாகக் கொள்ளுங்கள். வேன் ஓட்டுநர்கள் ஒரே நாளில் பத்து இடங்கள் காட்டுவதாகச் சொல்வார்கள். அவற்றில் மூன்று சாக்லேட் கடைகளாகவும் தைலக் கடைகளாகவும் இருக்கும்.

முதல் நாளைக் குன்னூருக்கே ஒதுக்கலாம். லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் என்ற காட்சிமுனைகள் இரண்டும் ஒரே சாலையில், ஊரிலிருந்து 10, 12 கி.மீ.க்குள் உள்ளன. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் அந்தச் சாலை மிகக் குறுகலானது. எதிரே பேருந்து வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால் காலையிலேயே கிளம்பி, முதலில் கடைசியில் உள்ள டால்பின் நோஸுக்குச் சென்றுவிட்டு, திரும்பும் வழியில் லேம்ஸ் ராக்கைப் பார்ப்பது நல்லது. டால்பின் நோஸிலிருந்து பள்ளத்தாக்குக்கு அப்பால் இரண்டு அடுக்காக விழும் கேத்தரின் அருவி தெரியும். கீழே சமவெளி சூடேற ஏற மேகம் சரிவைப் பிடித்து மேலேறி வரும். நண்பகலுக்குப் பின் கைப்பிடிக் கம்பியைத் தவிர எதுவும் தெரியாமல் திரும்புபவர்கள் அநேகர். மாலையில் சிம்ஸ் பூங்காவில் நடக்கலாம். 1874-இல் தொடங்கப்பட்ட இந்தப் பூங்கா பள்ளத்தின் இரு சரிவுகளிலும் இறங்குவதால், முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்வாசல் அருகே அமர்ந்துகொள்ளட்டும்.

இரண்டாம் நாள் ஊட்டிக்குப் போகும்போது காரைக் குன்னூரிலேயே நிறுத்திவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையைத்தான் கடைப்பிடிப்பேன் என்பவர்கள் இதையே கடைப்பிடிக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குப் புறப்படும் மலை ரயிலில் இடம் கிடைப்பது கடினம். குன்னூர்–ஊட்டி இடையே நாளுக்குச் சில முறை வண்டி ஓடுவதால் அதில் வாய்ப்பு அதிகம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கேத்திப் பள்ளத்தாக்கு விரியும் காட்சி இந்தப் பகுதியில்தான் வருகிறது. பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறு முதல் குன்னூர் வரைதான் என்பதால் அதைக் காண விரும்புவோர், மேட்டுப்பாளையம் வண்டி குன்னூருக்கு வரும் நேரத்தில் நடைமேடையில் நிற்க வேண்டும். எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் பிடிப்பவர் கொடியுடன் நின்றுகொண்டிருப்பார். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்த இந்தப் பாதை, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

ஊட்டி ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. அங்கிருந்து ஆட்டோவில் தாவரவியல் பூங்காவுக்குச் சென்று, மதிய உணவுக்குப் பின் கமர்ஷியல் சாலையில் வர்க்கி என்ற மொறுமொறுப்பான பிஸ்கட் வாங்கிக்கொண்டு, பேருந்தில் குன்னூர் திரும்பிவிடலாம். ஏரியில் படகு ஏறுவது உங்கள் விருப்பம். வரிசையில் நிற்கும் நேரம் படகில் இருக்கும் நேரத்தைவிட அதிகம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். தொட்டபெட்டா சிகரத்துக்கு (2,637 மீட்டர்) இதே நாளில் போக வேண்டாம். அது ஊட்டி–கோத்தகிரி சாலையில் பிரிவதால், கோத்தகிரி செல்லும் நாளில் கட்டபெட்டு வழியாகச் சென்றால் ஊட்டி நகருக்குள் நுழையாமலே பார்த்துவிடலாம்.

கோத்தகிரிக்கு ஒதுக்கும் நாளில் முதலில் செல்ல வேண்டியது கோடநாடு காட்சிமுனை. ஊரிலிருந்து சுமார் 18 கி.மீ. மலையின் கிழக்கு விளிம்பான அங்கிருந்து மாயாற்றின் பள்ளத்தாக்கும், காட்டுக்கு நடுவே தெங்குமரஹாடா கிராமத்தின் வயல்களும், ரங்கசாமி மலையின் தூண் பாறையும் தெரியும். கூட்டமும் குறைவு. திரும்பி வந்து, கன்னேரிமுக்கில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய வீட்டையும், வனத்துறை அனுமதி பெற்று லாங்வுட் சோலையையும் பார்க்கலாம். ஊருக்கு மிக அருகே 116 ஹெக்டேர் சோலைக்காடு மிஞ்சியிருப்பது அரிது. மழைக்காலமென்றால் அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

முதுமலையை மட்டும் குன்னூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அங்கே யானை முகாம் உள்ள தெப்பக்காடு, ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக 67 கி.மீ.; கல்லட்டி வழி பாதி தூரம்தான் என்றாலும், 36 கொண்டை ஊசி வளைவுகளும் கடும் சரிவும் கொண்ட அந்தப் பாதையில் வெளியூர் வாகனங்கள் கீழே இறங்க அனுமதிப்பதில்லை. முதுமலையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குச் செல்லும் பந்திப்பூர் சாலையும் இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். யானை முகாம் பார்க்க ஆசைப்படுவோர் மசினகுடியில் தனியாக ஓர் இரவு தங்குவதே முறை.

சொந்தக் காரில் வருபவர்கள் இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல், ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஊர் திரும்பும் நாளில் கோத்தகிரி வழியே இறங்கினால், சென்னை செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு 9 மணிக்கு மேல்தான் மேட்டுப்பாளையத்தில் புறப்படும் என்பதற்காக மலையில் இருட்டும்வரை இருந்துவிடாதீர்கள். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைச் சாலையோரம் மாலையில் யானைகள் நிற்கும். பிற்பகல் 3 மணிக்குக் கோத்தகிரியை விட்டால் வெளிச்சத்திலேயே அடிவாரம் சேர்ந்து, மீதி நேரத்தை மேட்டுப்பாளையத்தில் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.