மீன்தொட்டியை முழுவதும் கழுவாதீர்கள்: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்களைப் பிடித்து வாளியில் விட்டு, தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களைக் குழாயடியில் அலசி, ஃபில்டர் பஞ்சைச் சோப்புப் போட்டுக் கசக்கி, கண்ணாடி பளபளக்கப் புதுத் தண்ணீர் நிரப்பி மீன்களை மறுபடியும் உள்ளே விடுவது நம் வீடுகளில் பரவலான வழக்கம். அடுத்த இரண்டு மூன்று நாள்களில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு ஒவ்வொன்றாக இறக்கும். இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும் பிழைக்கவில்லையே என்று வீட்டார் வருந்துவார்கள். நானும் தொடக்கத்தில் இப்படித்தான் பல கப்பிகளையும் கோல்டுஃபிஷ்களையும் இழந்தேன். அவற்றைக் கொன்றது நோய் அன்று, நான் செய்த கழுவல்தான் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

மீன்கள் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகும்போது அது மேலும் கூடுகிறது. ஆற்றிலும் குளத்திலும் இது பெருநீரில் கரைந்து போய்விடும், தொட்டியிலோ அங்கேயே தேங்கும். அதை மீனுக்குத் தீங்கில்லாத அளவில் வைத்திருப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் தடுக்கும் நஞ்சுதான். இன்னொரு வகை நைட்ரைட்டை, ஓரளவு வரை மீன்கள் தாங்கக்கூடிய நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் கண்ணாடியிலும் ஒட்டிப் படிந்து வாழ்கின்றன. பஞ்சில் வழவழப்பாகத் தெரிவது பெரும்பாலும் இவற்றின் குடியிருப்பே. புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அத்தனை வார வேலையைக் குழாய்த் தண்ணீரின் குளோரினும் சோப்பும் அரைமணி நேரத்தில் அழித்துவிடுகின்றன.

முழுத் தண்ணீரையும் மாற்றுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நெடுநாள் மாற்றாத தொட்டியில் தண்ணீர் மெல்ல மெல்ல அமிலத்தன்மை அடைகிறது. அந்த நிலையில் அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்ற, நஞ்சு குறைந்த வடிவத்தில் இருக்கும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. அழுக்கேறிய பழைய தொட்டியில் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த போர் தண்ணீரைப் பாதிக்கு மேல் ஒரேயடியாக ஊற்றும்போது, பிஎச் ஏறி, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா சட்டென்று நஞ்சாகிவிடுகிறது. மாதக்கணக்கில் நன்றாக இருந்த மீன் தண்ணீர் மாற்றிய அன்றே இறந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே வாரத்துக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஒரு ரப்பர் குழாயின் முனையைக் கற்களுக்கிடையே வைத்து, அடியில் தங்கிய கசடோடு சேர்த்துத் தண்ணீரை வாளிக்கு இறக்குங்கள். அந்த வாளித் தண்ணீரிலேயே ஃபில்டர் பஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். அது வெளுக்க வேண்டியதில்லை. தண்ணீர் மாற்றும் நாளிலேயே பஞ்சையும் பிழியாமல், சில நாள் தள்ளி, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் செய்வது இன்னும் நல்லது.

ஊற்றும் தண்ணீரைப் பற்றியும் கவனம் வேண்டும். நகராட்சிக் குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். அகலமான வாளியில் மூடாமல் ஒரு நாள் வைத்தால் அது பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைக் குப்பியில் குறித்த அளவில் சேர்க்கலாம். ஆர்ஓ தண்ணீர்தான் தூய்மையானது என்று தொட்டி முழுவதையும் அதனால் நிரப்புவது தவறு. மீனுக்குத் தேவையான தாது உப்புகள் அதில் மிகக் குறைவு, கடினமான தண்ணீரில் செழிக்கும் மோலியும் கப்பியும் அதில் நலிந்துபோகும். ஆனால் கோடையில் ஆவியாகிக் குறைந்த மட்டத்தை ஈடுசெய்ய ஆர்ஓ தண்ணீர் மிகப் பொருத்தமானது. தண்ணீர் மட்டுமே ஆவியாகிறது, உப்புகள் தொட்டியிலேயே தங்குகின்றன. ஒவ்வொரு முறையும் போர் தண்ணீரையே ஊற்றி வந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குறைந்ததை நிரப்புவது தண்ணீர் மாற்றுவதற்கு ஈடாகாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தீனியில் செய்யும் தவறு அன்பால் வருவது. காலையில் தாத்தா, பள்ளி விட்டு வந்த பேரப்பிள்ளை, இரவில் அப்பா என்று ஆளுக்கொரு சிட்டிகை போடுவார்கள். இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை போதும். வீட்டில் ஒருவர் மட்டும் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது நல்லது. வளர்ந்த மீன் ஒரு நாள் தின்னாவிட்டால் ஒன்றும் ஆகாது.

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கிவிடுவது அடுத்தது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக நிற்கும் தண்ணீர் இன்னும் குறைவு. நிறையக் கழிவிடும் கோல்டுஃபிஷ் இரண்டுக்கே அது நெருக்கடி; வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் அதை வளர்ப்பதை நான் கொடுமை என்றே சொல்வேன். முதலில் சில சிறு மீன்களை மட்டும் விட்டு, தீனியைக் குறைத்து, வாரங்கள் கழித்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

சென்னைக்காரர்கள் கொளத்தூருக்குப் போனால் கடை கடையாக மீன்களைப் பார்த்து ஆசையோடு பைகளை நிரப்பிக்கொண்டு வருவார்கள். பையைத் தொட்டியில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடவேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. இயன்றால் புது மீன்களை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். உடம்பில் உப்புத் தூவியதுபோல் தோன்றும் வெண்புள்ளி நோய் புது மீனோடுதான் பெரும்பாலும் வீட்டுக்குள் வருகிறது. நோய் வராமலிருக்க என்று மெத்திலீன் புளூவை மாதந்தோறும் தொட்டியில் ஊற்றுபவர்கள், ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கிறார்கள். மருந்து தனித் தொட்டியில், நோயுற்ற மீனுக்கு மட்டும்.

கோடையில் கவனிக்க வேண்டியது காற்று. 25 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை கரைத்து வைத்திருக்கும். 32 டிகிரியில் அது சுமார் 7.3 ஆகக் குறையும். மீனின் தேவையோ வெப்பத்தில் கூடுகிறது. மின்தடை நீளும்போது முதலில் மூச்சுத்திணறுவது நெரிசலான தொட்டிதான். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைப்பதும் தவறு. மின்சாரம் நின்றவுடன் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கிப் பம்பையும் தரையையும் நனைக்கும், மின் இணைப்பு அருகில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. பம்பை மேலே மாட்டுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு பொருத்துங்கள்.

பாசியைத் தின்னும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனைப் பற்றியும் சொல்லவேண்டும். விரல் நீளத்தில் வாங்கும் அது ஓர் அடிக்கு மேல் வளரும்; அதன் கழிவோ பாசியைவிடப் பெரிய தொல்லை. பாசிக்கு உண்மையான தீர்வு, தொட்டியை நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, விளக்கை 8 மணி நேரத்துக்குள் அணைத்துவிடுவதுதான். வளர்ந்துவிட்ட சக்கரை இரக்கப்பட்டு ஏரியிலோ ஆற்றிலோ விடுபவர்கள் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இங்குள்ள நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கிறது, மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது. வளர்க்க இயலாவிட்டால் மீன் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படையுங்கள்.